தத்தெடுக்கும் பல்கலைக்கழகங்கள், மதிலுக்கு வெளியே கிராமங்கள்

புது தில்லி: நாட்டில் உள்ள ஒவ்வோர் உயர் கல்வி நிறுவனமும் தனக்கு அருகில் உள்ள ஐந்து கிராமங்களையாவது தத்தெடுத்து, அவற்றின் வளர்ச்சிக்குத் துணை நிற்க வேண்டும் என்பது மத்திய அரசின் 'உன்னத் பாரத் அபியான்' திட்டத்தின் அடிப்படை. 2014 நவம்பர் 11-ஆம் தேதி தொடங்கப்பட்ட இத்திட்டம் 2018 ஏப்ரலில் விரிவுபடுத்தப்பட்டது. தில்லி ஐஐடி இதன் தேசிய ஒருங்கிணைப்பு நிறுவனமாக உள்ளது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் என்று கணக்கு விரிந்துகொண்டே செல்கிறது.

எண்ணிக்கையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், இத்திட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே, பிரதமரை வேந்தராகக் கொண்ட ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் வாயிலை அக்கம்பக்கத்து மக்கள் மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டு இடித்துத் தள்ளினர். 2020 ஆகஸ்ட் 17-ஆம் தேதி மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனில் நடந்த சம்பவம் அது. மேளா நடைபெறும் திடலைச் சுற்றி வேலி அமைக்க விஸ்வபாரதி நிர்வாகம் மேற்கொண்ட முயற்சியே அதற்குக் காரணம். கிராமப் புனரமைப்பைத் தன் பிறவிக் கடமையாக ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகம் அது என்பதுதான் இதில் உள்ள வேதனை.

கிராமத்தைத் தத்தெடுப்பதும் கிராமத்தார் வாயிலை இடிப்பதும் தில்லியில் வெவ்வேறு கோப்புகளில் உள்ளன. முதலாவது கல்வி அமைச்சகத்தின் சாதனைப் பட்டியல். இரண்டாவது சட்டம் ஒழுங்குப் பிரச்னை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. பல்கலைக்கழகம் கிராமத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அரசு பலமுறை ஆணையிட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்திடம் கிராமம் என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா?

ஆணைகளுக்குப் பஞ்சமில்லை

பல்கலைக்கழகங்களைக் கிராமங்களை நோக்கித் திருப்பும் முயற்சி இன்று நேற்று தொடங்கியதல்ல. சுதந்திரத்துக்குப் பின் அமைக்கப்பட்ட முதல் கல்விக் குழுவான டாக்டர் ராதாகிருஷ்ணன் குழு, 1949-இலேயே கிராமப்புறப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1956 முதல் கிராமிய உயர் கல்வி நிறுவனங்கள் பல மாநிலங்களில் தொடங்கப்பட்டன. திண்டுக்கல் மாவட்டம் சின்னாளபட்டி அருகே உள்ள காந்திகிராமம் அவற்றில் ஒன்று. அதை நிறுவியவர்களுள் ஒருவரான ஜி. ராமச்சந்திரன், சாந்திநிகேதனில் பயின்று பின்னர் காந்தியடிகளிடம் சென்றவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அந்த நிறுவனங்கள் வழங்கிய கிராமியப் பட்டயத்தைப் பட்டத்துக்கு இணையாக ஏற்பதில் பல்கலைக்கழகங்களும் வேலை கொடுப்போரும் தயங்கினர். கிராமத்துக்காகப் படித்தவருக்கு அரசு அலுவலகத்தில் இடம் கிடைக்கவில்லையென்றால் யார் சேருவார்கள்? காலப்போக்கில் அவற்றுள் பல தனித்தன்மை இழந்து வழக்கமான கல்லூரிகளோடு கலந்துபோயின. காந்திகிராமம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி நிலைத்தது. அது விதிவிலக்கு.

அடுத்து வந்தது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969-இல் செப்டம்பர் 24-ஆம் தேதி, அப்போதைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் இதைத் தொடங்கிவைத்தார். இன்று ஏறத்தாழ 40 லட்சம் மாணவர்கள் இதில் உள்ளனர். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் இதன் நடைமுறை. புயல், வெள்ளக் காலங்களில் இம்மாணவர்கள் ஆற்றிய பணியை யாரும் மறுக்க முடியாது. எனினும், ஏழு நாளில் கோயில் வளாகத்தைத் தூய்மை செய்து, சாலையோரம் மரக்கன்று நட்டு, நிறைவு விழாவில் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் முகாம்களே அதிகம் என்பதைக் கல்லூரி ஆசிரியர்களே ஒப்புக்கொள்வர். எட்டாவது நாள் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது கிராமத்தின் பொறுப்பு.

1977-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு படி மேலே சென்று, கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு இணையான மூன்றாவது கடமை 'விரிவாக்கப் பணி' என்று கொள்கை அறிவித்தது. முறைசாராக் கல்வித் துறைகளும் வயதுவந்தோர் கல்வி மையங்களும் பல்கலைக்கழகங்களில் தோன்றியது அதன் பின்னர்தான். 2014-இல் உன்னத் பாரத் அபியான் வந்தது. 2020-இல் புதிய கல்விக் கொள்கையும், சமூக ஈடுபாட்டுக்கென மானியக் குழுவின் தனி வழிகாட்டு நெறிகளும் வந்தன. அந்நெறிகளின்படி 30 மணி நேரமும் 2 மதிப்புப் புள்ளிகளும் கொண்ட ஒரு பாடத்தை மாணவர்கள் படிக்க வேண்டும். அதில் பாதி நேரமாவது மக்களிடையே செலவிடப்பட வேண்டும்.

எழுபது ஆண்டுகளில் இத்தனை ஆணைகள். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்க வேண்டியிருப்பதே அது முதல் முறை நிறைவேறவில்லை என்பதற்குச் சான்று.

சுருலில் தொடங்கிய கதை

அரசு ஆணை எதுவும் இல்லாமல் கிராமத்துக்குச் சென்ற பல்கலைக்கழகம் விஸ்வபாரதி. ரவீந்திரநாத் தாகூருக்குக் கிராமம் புதிதல்ல. குடும்ப ஜமீனை நிர்வகிக்கச் சென்றபோது, இன்று வங்கதேசத்தில் உள்ள சிலைதஹா, பதிசர் பகுதிகளில் குடியானவர்களின் கடன் சுமையை நேரில் கண்டவர் அவர். பதிசரில் 1905-இல் வேளாண் வங்கி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் அந்த வங்கியில் இட்டார். வங்கி நொடித்தது. கடன் கொடுத்தால் மட்டும் கிராமம் எழுந்துவிடாது என்ற பாடத்துக்குக் கவிஞர் கொடுத்த விலை அது.

மகன் ரதீந்திரநாத்தை அவர் அனுப்பியது ஆக்ஸ்போர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ அல்ல. வேளாண்மை படிக்க அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு. 1921 டிசம்பர் 23-இல் விஸ்வபாரதி முறைப்படி தொடங்கப்பட்டது. ஆறு வாரங்களில், 1922 பிப்ரவரி 6-ஆம் தேதி, மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுருல் கிராமத்தில் கிராமப் புனரமைப்பு நிறுவனம் உருவானது. பின்னாளில் ஸ்ரீநிகேதன் என்று பெயர் பெற்ற அதன் முதல் இயக்குநர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். தொடக்க காலச் செலவை, பின்னர் அவரது மனைவியான அமெரிக்கச் செல்வந்தர் டோரதி ஸ்ட்ரெய்ட் ஏற்றார்.

அன்றைய பிர்பூம் மாவட்டக் கிராமங்கள் மலேரியாவால் காலியாகிக்கொண்டிருந்தன. ஸ்ரீநிகேதன் செய்த முதல் வேலை சொற்பொழிவு அல்ல. மாணவர்கள் தங்கள் கழிவைத் தாங்களே குழி வெட்டிப் புதைத்து உரமாக்கக் கற்றனர். சாதி வழக்கம் ஊறிய சூழலில் அது சிறிய காரியமல்ல. குட்டைகளைத் தூர்த்தல், நீர் தேங்காமல் வடிகால் வெட்டுதல், கொயினா வழங்குதல் என்று கொசு ஒழிப்புப் பணி நடந்தது. கிராமச் சிறுவர்கள் 'பிரதி பாலகர்' என்ற சாரணர் குழுக்களாகத் திரட்டப்பட்டனர்.

இவற்றுள் கவனிக்கத்தக்கது கூட்டுறவு சுகாதாரச் சங்கங்கள். கிராமத்தார் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை சந்தா செலுத்தி உறுப்பினராவர். அந்தப் பணத்தைக் கொண்டு மருத்துவரும் மருந்தும் ஏற்பாடாகும். பல்கலைக்கழகம் அறிவும் அமைப்பும் தந்தது, சங்கம் கிராமத்தாருடையது. சந்தா கட்டியவர், மருத்துவர் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். தத்தெடுக்கப்பட்டவருக்கு அந்த உரிமை இல்லை. 2014 அக்டோபரில் எம்.பி.க்களுக்கான முன்மாதிரி கிராமத் திட்டத்திலும், அடுத்த மாதம் பல்கலைக்கழகங்களுக்கான திட்டத்திலும் 'தத்தெடுப்பு' என்ற சொல்லே ஆளப்பட்டு வருகிறது. வயதில் மூத்த கிராமத்தை நேற்று முளைத்த கல்லூரி தத்தெடுப்பதில் உள்ள முரண் யாருக்கும் உறுத்தவில்லை போலும்.

ஸ்ரீநிகேதனில் கிராமப் பிள்ளைகளுக்கான பள்ளி, நெசவு, மட்பாண்டம், தோல் வேலைப் பயிற்சிக்கூடங்கள் வளர்ந்தன. ரதீந்திரநாத்தும் அவர் மனைவி பிரதிமா தேவியும் வளர்த்த தோல் வேலைப்பாடும் பாத்திக்கும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் தொழிலாயின. 'சாந்திநிகேதன் தோல் பொருள்கள்' இன்று புவிசார் குறியீடு பெற்றவை. சோனாஜுரி மரத்தோப்புச் சந்தையில் சுற்றுலாப் பயணிகள் பேரம் பேசி வாங்கும் கைப்பைக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகத்தின் நூறாண்டு உழைப்பு இருக்கிறது. நாட்டில் வேறெந்தப் பல்கலைக்கழகமும் தன் அண்டை வீட்டாருக்கு இப்படி ஒரு பிழைப்பைத் தந்ததாகச் சொல்வது கடினம்.

1951-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானது. மரபுப்படி பிரதமரே 'ஆச்சார்யா' எனப்படும் வேந்தர். முதலில் அப்பொறுப்பை வகித்தவர் நேரு. நிதி நெருக்கடி தீர்ந்தது. 1963-இல் வேளாண் கல்லூரி வந்தது. துறைகள், பட்டங்கள், பதவி உயர்வுகள் வந்தன. கிராமப் பணி முற்றிலும் நிற்கவில்லை. அதற்கென ஒரு துறை இன்றும் உள்ளது. ஆனால் பல்கலைக்கழகம் முழுவதற்கும் உரியதாக இருந்த பணி, ஒரு துறையின் பணியாகச் சுருங்கியது. டோரதியின் பணத்தில் இயங்கியபோது கிராமம் என்ன சொல்லும் என்ற கவலை இருந்தது. தில்லியின் பணத்தில் இயங்கத் தொடங்கியதும் தில்லி என்ன சொல்லும் என்பதே கவலையானது.

திடலும் வேலியும்

2020 மோதலின் மையம் பௌஷ மேளா. தாகூரின் தந்தை மகரிஷி தேவேந்திரநாத் 1888-இல் எழுதிவைத்த அறக்கட்டளை ஆவணத்திலேயே ஆண்டுதோறும் ஒரு மேளா நடத்த முயற்சி எடுக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. அதாவது, பல்கலைக்கழகத்துக்கு முன்பே மேளாவுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. டிசம்பர் மாதக் குளிரில் பாவுல் பாடகர்களும், சந்தால் பழங்குடியினரும், டோக்ரா உலோக வார்ப்புக் கலைஞர்களும், கந்தா தையல் பெண்களும், போல்பூர் கடைக்காரர்களும் கூடும் இடம் அது. பலருக்கு ஆண்டு வருவாயில் ஒரு பெரும் பங்கு அந்தச் சில நாள்களில்தான் கிடைக்கிறது.

நிர்வாகத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மேளாவால் ஏற்படும் மாசு குறித்த வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. குறித்த நாளில் கடைகளை அகற்றாத வணிகர்கள், குப்பை, செலவு, நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எல்லாம் பல்கலைக்கழகத்தின் தலையில் விழுந்தன. கல்வி நிறுவனம் ஒன்று எத்தனை நாள் சந்தைக் குத்தகைதாரர் வேலை பார்க்க முடியும் என்ற கேள்வி எழுந்தது. இனி மேளாவை நடத்துவதில்லை என்று 2020 ஜூலையில் நிர்வாகம் முடிவெடுத்தது. அடுத்த மாதமே வேலிப் பணி தொடங்கியது.

ஆகஸ்ட் 17 அன்று திரண்ட கூட்டத்தில் மாநில ஆளுங்கட்சியினரும் இருந்தனர் என்பதைக் காட்டி, இது அரசியல் தூண்டுதல் என்று ஒரு தரப்பு கூறியது. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே நிலவிய பகையில் விஸ்வபாரதி ஒரு களமானது உண்மையே. 2017-இல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்த சாலை ஒன்றை, உள்ளூர் மக்கள் நடமாட்டத்துக்குத் தடை ஏற்படுகிறது என்ற புகாரின்பேரில், 2020 டிசம்பரில் மாநில அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. தேர்தல் நெருங்கிய நேரம் அது. ஆனால் அரசியல் கட்சிகள் வெறும் காற்றில் கூட்டம் சேர்ப்பதில்லை. தினமும் நடந்த பாதையில் காவலாளி நிற்கும்போது, பேச இடமில்லாதவர் கட்சிக்காரரிடம்தான் போவார்.

சம்பவத்தை அடுத்துப் பல்கலைக்கழகம் காலவரையின்றி மூடப்பட்டது. கொல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட்டுக் குழு ஒன்றை அமைத்தது. 2020-இல் கரோனா காரணமாக மேளா இல்லை. 2021, 2022 ஆண்டுகளில் போல்பூரில் வேறொரு மைதானத்தில் மாற்று மேளா நடந்தது. 2023-இல் பழைய திடலில் மேளா நடந்தது. ஆனால் நடத்தியது அரசு நிர்வாகம். அதே ஆண்டு செப்டம்பரில் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2024 டிசம்பரில்தான் விஸ்வபாரதியும் சாந்திநிகேதன் அறக்கட்டளையும் மீண்டும் மேளாவை ஏற்று நடத்தின.

இந்த நான்கு ஆண்டுகளில் நீதிமன்றம் பேசியது, முதல்வர் பேசினார், துணைவேந்தர் பேசினார். திடலைச் சுற்றி வாழும் கைவினைஞரும் வணிகரும் பல்கலைக்கழக நிர்வாகத்துடன் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதற்கு நிரந்தரமான அமைப்பு ஒன்று இருந்திருந்தால், மண் அள்ளும் இயந்திரத்துக்கு வேலை இருந்திருக்காது என்று கருத இடமுண்டு.

பந்த்நகர் காட்டும் வழி

பல்கலைக்கழகம் என்றாலே மக்களிடமிருந்து விலகித்தான் நிற்கும் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. வேளாண் பல்கலைக்கழகங்களின் அனுபவம் வேறு விதமானது. நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் 1960-இல் பந்த்நகரில் தொடங்கப்பட்டது. அதற்கு வடிவம் தந்ததும், ரதீந்திரநாத் படித்த அதே இல்லினாய் பல்கலைக்கழகம்தான். அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நிலம் பெற்று உருவான பல்கலைக்கழகங்கள், உழவருக்குப் பயன்பட வேண்டிய கடமையுடன் பிறந்தவை. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் என்ற அந்த முறையே இங்கும் வந்தது. பந்த்நகர் விதைகள் வட இந்திய வயல்களில் பசுமைப் புரட்சியைக் கொண்டுசென்றதில் வியப்பில்லை.

அதன் தொடர்ச்சியே வேளாண் அறிவியல் நிலையங்கள். முதல் நிலையம் 1974-இல், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் அமைந்தது. இன்று நாடெங்கும் 730-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. இவற்றில் ஒரு பகுதி வேளாண் பல்கலைக்கழகங்களின் கீழும், மற்றவை ஆராய்ச்சி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்களின் கீழும் இயங்குகின்றன. ஸ்ரீநிகேதனிலும் ரதீந்திரநாத் பெயரில் ஒன்று உண்டு.

இங்கு வேறுபாடு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு மாவட்டம் பொறுப்பு. 16 பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன. தனி நிதி ஒதுக்கீடு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் அறிவியல் ஆலோசனைக் குழுவில் விவசாயிகளுக்கு இடம் உண்டு. சென்ற ஆண்டு தந்த விதை முளைக்கவில்லை என்று விஞ்ஞானியின் முகத்துக்கு நேரே சொல்லும் வாய்ப்பு அது. காலிப் பணியிடங்கள், அரசுப் பிரசாரங்களுக்கு நிலையங்களைப் பயன்படுத்துதல் என்று இங்கும் குறைகள் பல. ஆயினும் ஐம்பது ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றன.

நாட்டு நலப்பணித் திட்டத்திலோ, நூறு மாணவருக்கு ஓர் ஆசிரியர் திட்ட அலுவலர். வகுப்பு எடுத்தது போக எஞ்சிய நேரத்தில் அவர் கிராமத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உன்னத் பாரத் திட்டத்திலும் வீடுவீடாகக் கணக்கெடுப்பது, கிராம வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, மாவட்ட நிர்வாகத்துடன் தொடர்புகொள்வது எல்லாம் ஏற்கெனவே பணியில் உள்ள ஆசிரியரின் கூடுதல் சுமை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆயிரக்கணக்கான ஆசிரியர் பணியிடங்கள் காலி என்று நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் ஒப்புக்கொள்ளப்பட்டு வந்த நிலையில், அந்தச் சுமையை யார் மனமுவந்து சுமப்பார்கள்?

மதிப்பெண் இல்லாத பாடம்

மாணவர்கள் மட்டுமல்ல, பல்கலைக்கழகங்களும் மதிப்பெண்ணுக்காகவே படிக்கின்றன. மத்திய அரசு 2016 முதல் வெளியிட்டுவரும் தேசியத் தரவரிசைப் பட்டியல் இன்று துணைவேந்தர்களின் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கான அந்தப் பட்டியலில் கற்பித்தலுக்கு 30 சதவீதம், ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி விளைவுகளுக்கு 20, நற்பெயருக்கு 10 என்று பிரிக்கப்பட்டு, எஞ்சிய 10 சதவீதம் 'சமூகத் தொடர்பும் உள்ளடக்கமும்' என்ற தலைப்பில் தரப்படுகிறது.

தலைப்பைக் கண்டு மகிழ்பவர் உள்ளே பார்த்தால் ஏமாற்றமே அடைவார். பிற மாநில, வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், பொருளாதார, சமூக நிலையில் பின்தங்கியோர் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் என்ன என்பவையே அங்கு அளக்கப்படுகின்றன. இவை வேண்டியவைதான். ஆனால் மதிலுக்கு அப்பால் உள்ள ஊருக்குச் செய்த பணிக்கு அங்கு தனி மதிப்பெண் இல்லை. தொலைதூர மாநிலத்திலிருந்து மாணவர் வந்தால் பிராந்தியப் பன்மைக்கு மதிப்பெண் கூடும்; பக்கத்து ஊர்ப் பிள்ளை சேர்ந்தால் அந்த இனத்தில் ஒன்றும் கூடாது.

நிலம் கொடுத்த கிராமத்தின் பிள்ளைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்பது உணர்ச்சிபூர்வமான கேள்வி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைமுறைக்கு வந்தபோது இந்தக் கவலை கூர்மையடைந்தது. அத்தேர்வுக்கு எதிராகத் தமிழக சட்டப்பேரவை 2022 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. திறமைக்கு எல்லை இல்லை என்பது மத்திய அரசின் வாதம். அதில் உண்மை உண்டு. அண்டை ஊர்க்காரருக்கு வேலி மட்டுமே மிஞ்சுகிறது என்பதும் உண்மைதான்.

தரமதிப்பீட்டுக் குழுவான 'நாக்' அமைப்பின் அளவுகோல்களில் விரிவாக்கப் பணிக்கு ஓரளவு இடம் இருந்து வந்துள்ளது. அதற்கான சான்றாகக் கேட்கப்படுபவை அறிக்கைகள், எண்ணிக்கைகள், புகைப்படங்கள். முகாம் நடந்ததற்குச் சான்று கிடைக்கும். முகாமால் கிணற்றில் தண்ணீர் வந்ததா என்பதற்குக் கிராமத்தாரைத்தான் கேட்க வேண்டும்.

தில்லியில் இதற்கு வேறொரு முகம். உன்னத் பாரத் திட்டத்தை ஒருங்கிணைக்கும் ஐஐடியைச் சுற்றி ஜியா சராய், பேர் சராய், கத்வாரியா சராய் என்ற பழைய கிராமங்கள் உள்ளன. நகரம் விழுங்கிவிட்டதால் அவை அரசுக் கணக்கில் 'நகர்ப்புறக் கிராமங்கள்'. அங்கு மாணவர்கள் அறை வாடகைக்கு எடுக்கின்றனர். பழைய புத்தகக் கடைகளும் பயிற்சி மையங்களும் நடக்கின்றன. ஊரின் பொருளாதாரமே அருகில் உள்ள வளாகங்களை நம்பி ஓடுகிறது. வாடகைக்காரர், வீட்டுக்காரர் என்ற இந்த உறவைப் பற்றி எந்தக் கொள்கை ஆவணமும் கவலைப்படவில்லை. 2020 பொது முடக்கத்தில் விடுதிகள் மூடப்பட்டு மாணவர்கள் ஊர் திரும்பியபோது, அறைகள் காலியானதால் முதலில் துவண்டவை இப்படிப்பட்ட பகுதிகளே.

சட்டத்தில் இடம்

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டம், மக்களின் சமூக, பொருளாதார நிலையை மேம்படுத்துவதிலும் அவர்கள் நலனிலும் தனிக் கவனம் செலுத்துவது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களில் ஒன்று என்று கூறுகிறது. சொற்களில் குறையில்லை. ஆனால் பல்கலைக்கழக மன்றத்தின் அமைப்பைப் பற்றிப் பேசும்போது, தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்களாக அச்சட்டம் குறிப்பிடுவது ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவர்கள் ஆகியோரை மட்டுமே. யாருடைய நிலை மேம்பட வேண்டுமோ அவர்களைப் பற்றிய பேச்சு அங்கு இல்லை.

பழைய மத்தியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் மன்றங்களில் எம்.பி.க்களுக்கு இடம் உண்டு. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மன்றத்துக்கு மக்களவையிலிருந்து ஆறு பேரும் மாநிலங்களவையிலிருந்து நான்கு பேரும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இதற்கான தீர்மானங்கள் அவையில் சில நிமிடங்களில் நிறைவேறிவிடும். அப்படிச் செல்லும் உறுப்பினர் அந்தத் தொகுதிக்காரராகவோ அந்த மாநிலத்தவராகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. தேசத்தின் பிரதிநிதியாகச் செல்கிறார். ஊரின் பிரதிநிதியாக அல்ல.

மாநிலச் சட்டங்கள் சில இதில் முன்னோடியாக உள்ளன. மகாராஷ்டிரத்தின் 2016-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் ஜில்லா பரிஷத், நகராட்சி அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கு செனட்டில் இடம் தருகிறது. ஒன்றிரண்டு இடங்களால் செனட்டின் போக்கு மாறிவிடாது. கூட்டத்தில் வாய் திறக்காமல் தேநீர் அருந்தித் திரும்புபவர்களும் இருப்பர். ஆனாலும் குப்பை எங்கே கொட்டப்படுகிறது, ஆழ்குழாய்க் கிணறுகள் எத்தனை, பாதை ஏன் மூடப்பட்டது என்று கேட்க விரும்பும் ஒருவருக்கு நாற்காலி இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இதைக் கொண்டுவரப் பெரிய சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது. மன்றத்தின் அமைப்பை அந்தந்தப் பல்கலைக்கழக விதிகளே வரையறுக்கலாம் என்று 2009 சட்டம் கூறுவதால், விதியைத் திருத்தினாலே போதும்.

துணைவேந்தர்கள் இதை விரும்பமாட்டார்கள். உள்ளூர் அரசியல் வளாகத்துக்குள் நுழைந்துவிடும் என்பது அவர்களது அச்சம். வேலை நியமனம், ஒப்பந்தம், மாணவர் சேர்க்கை என்று சிபாரிசுக் கடிதங்கள் குவியும் நாட்டில் அந்த அச்சத்தை அடிப்படையற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால், கதவைத் திறக்காததால் அரசியல் வெளியே நின்றுவிடவில்லை என்பதை 2020 ஆகஸ்ட் காட்டியது.

நாட்டில் 2021-22 கணக்கெடுப்பின்படி 1,168 பல்கலைக்கழகங்களும் 45,000-க்கும் மேற்பட்ட கல்லூரிகளும் உள்ளன. கல்லூரிகள் அனைத்தும் தலா ஐந்து கிராமங்களை ஏற்றாலும் இரண்டேகால் லட்சம் கிராமங்களைத்தான் எட்ட முடியும்; நாட்டில் உள்ளவை ஆறு லட்சத்துக்கு மேல். எனவே எண்ணிக்கையை உயர்த்துவதற்கு இன்னும் வெகுதூரம் இடமிருக்கிறது. உன்னத் பாரத் திட்டத்தின் விதிமுறைப்படி, கல்லூரிக் குழு தயாரிக்கும் வளர்ச்சித் திட்டம் கிராம சபையில் விவாதிக்கப்பட வேண்டும். ஊர் மக்கள் முன்னிலையில் பேராசிரியர் எழுந்து நின்று விளக்கம் தர வேண்டிய ஏற்பாடு அது. அதே ஊராட்சித் தலைவர் பல்கலைக்கழக மன்றத்தில் எழுந்து நிற்பதற்கான விதி, அதே அமைச்சகத்தின் மேசையில் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.